செழியனின் இடது கண்

ஜூன் 3, செவ்வாய்

கண் டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மாறுகண் வேலை செய்வதற்காக மகனின் நல்ல கண்ணை மூடி ஒட்டு போட வேண்டும். தினமும் எவ்வளவு நேரம் ஒட்டு இருந்தது, வலிப்பு வந்ததா, மருந்து கொடுத்தோமா என்று குறித்துக்கொண்டு போனால்தான் ஆபரேஷனுக்கு நாள் சொல்வாராம். ஃபைனான்ஸ்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பஸ்ஸில் என் சீட்டுக்கு அடியில் சும்மா கிடந்தது.

என் பெயர் மந்திரமூர்த்தி. ஊர் பாவூர்சத்திரம். தென்காசி – திருநெல்வேலி தனியார் பஸ்ஸில் டிரைவர். மகன் செழியனுக்கு நாலு வயது. காது கேட்காது, பேச்சில்லை, வலிப்பும் வரும். எதையாவது பிடித்துக்கொண்டால் நடப்பான். இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

இன்று வலது கண்ணில் ஒட்டு போட்டேன். பிய்த்தெறிந்தான். மறுபடி போட்டேன், மறுபடி பிய்த்தான். கடைசியில் இரண்டு கையையும் துண்டால் சேர்த்துக் கட்டினேன். அழுதான், பிறகு பழகிவிட்டான். பிள்ளையின் நன்மைக்குத்தான். உலகம்மாள் வந்து துண்டை அவிழ்த்தாள். கொஞ்சம் சத்தம் போட்டேன். குழம்புச் சட்டி உடைந்தது.

வலிப்பு இல்லை. மருந்து இரண்டு வேளை.

ஜூன் 6, வெள்ளி

ஆலங்குளத்தில் டீக்கடை வாசலில் அந்த மஞ்சள் பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தான். என் டைமிங்கில் முந்தி வந்து ஆள் ஏற்றுகிறவன். "ஏல, ஒன்றரைக்கண்ணன் அப்பன் வாரான், வழி விடுங்கல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

டீ கிளாஸ் கையில் இருந்தது. அதோடேயே முகத்தில் வைத்தேன். முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. விழுந்தவனை விட்டிருக்கலாம். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், அதனால் மிதிக்க வேண்டியதாயிற்று.

முதலாளி ஸ்டேஷனில் பேசி முடித்தார். கண்டக்டர் செய்யது திரும்பி வரும்போது என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான்.

"அண்ணாச்சி, அவன் சொன்னது தப்புதான். ஆனா அவன் கீழ விழுந்தப்புறமும் நீங்க நிறுத்தலியே."

"ஒனக்குப் பிள்ள இருந்தாத் தெரியும்ல."

"எனக்கும் பிள்ள இருக்கு அண்ணாச்சி" என்றான்.

ஒட்டு போடவில்லை. நேரமில்லை.

ஜூன் 12, வியாழன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. டாக்டர் அனுசூயா பொறுமையாகப் பேசினார். இதுவரை எந்த டாக்டரும் இப்படி உட்காரவைத்துச் சொன்னதில்லை.

செழியன் வயிற்றில் இருந்தபோதே உலகம்மாளுக்கு ஒரு வைரஸ் தொற்று வந்திருக்கிறது. சி.எம்.வி. என்று எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும், சிலருக்கு அதுவும் தெரியாது. குழந்தைக்குத்தான் காது, மூளை, கண் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

"இந்த ஆபரேஷன் கண்ணை நேராக்கும். பார்வையைக் கொடுக்காது. பார்வைக் குறை இவனுக்கு மூளைப் பக்கம் இருக்கு. நேராக்கின கண்ணும் இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு அப்படியே நிற்கும்னு சொல்ல முடியாது. மறுபடி உள்ளே வரலாம். வெளியே போகலாம். இன்னொரு தடவை பண்ண வேண்டி வரலாம். இதை நீங்க மனசுல வச்சுக்கணும்."

"நேராயிரும்லா?" என்றேன்.

"ஆகும்னு நம்புறோம்."

அது போதும். பிறகு நான் கேட்டேன், "இவளுக்கு அது எங்கருந்து வந்துச்சு?"

"யார்கிட்டேயிருந்து வேணும்னாலும் வரலாம். பெரும்பாலும் சின்னக் குழந்தைங்க எச்சில், மூத்திரம். அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

கல்யாணத்துக்குப் பிறகும் உலகம்மாள் பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். வயிற்றில் ஏழு மாதம் ஆகிறவரை போய்க்கொண்டிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டு, குண்டி கழுவிவிட்டு. வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் செழியனை மடியில் இறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

உலகம்மாளுக்கு உதடு வீங்கியிருக்கிறது. வாசல்படியில் தடுக்கிவிட்டது. கஞ்சி மட்டும் குடிக்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

பால்வாடிக்குப் போனேன். சும்மா கேட்கத்தான் போனேன். ஜெபமணி டீச்சர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதே சிரிப்பு.

"எம் பெண்டாட்டிக்கு நோயக் குடுத்தது எந்தப் பிள்ள?" என்று கேட்டேன்.

"என்ன தம்பி சொல்லுதீய? பிள்ளைய சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. வெளிய நின்னு பேசுவோம்."

எனக்கு அந்த 'தம்பி' பிடிக்கவில்லை. மேசையைத் தள்ளினேன். அதன் மேல் இருந்த சாம்பார் அண்டா கவிழ்ந்தது. பிள்ளைகள் எல்லாம் சுவரோரம் ஓடி ஒண்டிக்கொண்டு கத்தின. நான் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. தொடக்கூட இல்லை. சாம்பார் டீச்சர் காலில்தான் பட்டது.

உலகம்மாளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "டீச்சருக்குக் கால் பொத்துப் போச்சாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கத்தினால் எனக்குப் பரவாயில்லை. இப்படி மெதுவாகச் சொல்வதுதான் தாங்கவில்லை.

ஒட்டு ஒரு மணி நேரம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று செழியனைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். எஞ்சின் பெட்டி மேல் போர்வையை மடித்துப் போட்டு உட்கார வைத்தேன். காது கேட்காவிட்டாலும் எஞ்சின் அவனுக்குத் தெரிகிறது. கியர் போடும்போது அதிர்வு மாறும், அப்போதெல்லாம் சிரிப்பான். பெட்டி மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் வேண்டுமென்றே இரண்டாவது கியரில் கொஞ்ச தூரம் இழுத்தேன். வாய்விட்டுச் சிரித்தான். எச்சில் என் கையெல்லாம்.

ஒரு அம்மா, "யாரு மவன் ராசா நீ?" என்று கேட்டாள். "எம் மவன்தான்" என்றேன். அவள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொம்பளை என்பதால் விட்டுவிட்டேன்.

கண் நேராகட்டும். எல்லாம் சரியாகிவிடும். வீடும் சரியாகிவிடும்.

ஜூன் 29, ஞாயிறு

செழியன் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான். இடது கை மேல்பக்கம் எலும்பு விட்டிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

தென்காசி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். அந்த டாக்டர் சின்னப் பையன். என்னைப் பார்க்காமல் உலகம்மாளையே பார்த்துக் கேட்டான், "எப்படிம்மா விழுந்தான்?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"கட்டில்ல இருந்து விழுந்தான்" என்றாள்.

"அவ்வளவு உயரமான கட்டிலா?"

"ஆமா சார்."

வெளியே வந்ததும் சொன்னாள். "நீங்க சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன். இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்."

நானா சொல்லச் சொன்னேன்? விழுந்தான், விழுந்தான் என்று அவளாகத்தானே சொன்னாள். ஒட்டைப் பிய்க்க வந்த கையைப் பிடித்தேன், அவன் திமிறினான். பிள்ளைகள் எலும்பு சுள்ளி மாதிரி. யாருக்குத் தெரியும்.

கை சேர்ந்த பிறகுதான் மயக்க மருந்து கொடுப்பார்களாம். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

உலகம்மாள் இப்போது பிள்ளையோடு அடுக்களையில் படுக்கிறாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். வெளியே எலித் தொல்லையாம்.

செய்யது முதலாளியிடம் வேறு பஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நன்றி கெட்டவன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆபரேஷன்.

காலையில் பச்சைத் துணி உடுத்திவிட்டார்கள். அதில் அவன் இன்னும் சின்னதாகத் தெரிந்தான். தியேட்டர் வாசலில் நர்ஸ் கையை நீட்டியதும் அவளிடம் போய்விட்டான். அழவில்லை. கதவு மூடியது. நானும் உள்ளே வருகிறேன் என்றேன். வாட்ச்மேன் மார்பில் கை வைத்து நிறுத்தினான். என் மார்பில் கை வைக்க இவன் யார்? கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துவிட்டேன்.

"விடுங்க" என்றாள் உலகம்மாள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில். "இங்கயும் ஆரம்பிக்காதீய. உள்ள பிள்ள கெடக்கான்."

விட்டேன். அவன் இருமிக்கொண்டே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். என்னை வெளியே மரத்தடியில் உட்கார வைத்தார்கள். கண்ணை வெளியே எடுத்துவைத்துத் தைப்பார்கள் என்று பஸ்ஸில் ஒருவன் சொல்லியிருந்தான். அதையே நினைத்துக்கொண்டு மரத்தைக் குத்திக்கொண்டிருந்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் போய்விட்டது.

டாக்டரம்மாவே வெளியே வந்தார். "கண்ணை எடுக்கிறதெல்லாம் கிடையாது. ரெண்டு கண்லயும் உள்பக்கத் தசையைக் கொஞ்சம் பின்னால தள்ளித் தச்சிருக்கோம். நல்லா முடிஞ்சுது" என்றார். என் கையைப் பார்த்தார். "இதுக்கு மருந்து போட்டுட்டுப் போங்க."

மயக்கம் தெளிந்து செழியன் அழுதபோது கண்ணிலிருந்து ரத்தம் கலந்த தண்ணீர் வழிந்தது. நான் பார்த்தது அது மட்டும்தான். பக்கத்தில் நின்ற ஆயாவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அவள் சொன்னது பிறகுதான் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேராகிவிட்டது!

வெள்ளை விழி ரத்தச் சிவப்பாக இருக்கிறது, ஆனால் கறுப்பு விழி இரண்டும் நடுவில். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சொட்டு மருந்து நாலு வேளை. பஸ்ஸில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். ஆலங்குளத்தில் அந்த மஞ்சள் பஸ்காரனுக்கும் நீட்டினேன். வாங்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு பல் இல்லாத வாயால் துப்பினான். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. உலகம்மாள் நேற்று எனக்கு மீன் பொரித்து வைத்தாள். நான் சொன்னேன், "பாத்தியாட்டி, கண்ணு நேரானதும் எல்லாம் நேராயிட்டு."

"சாப்பிடுங்க" என்றாள்.

தாழ்ப்பாள் மட்டும் இன்னும் போட்டுக்கொள்கிறாள்.

செப்டம்பர் 1, திங்கள்

சொட்டு மருந்து கீழே கொட்டிவிட்டது. புது பாட்டில். அவன்தான் தட்டிவிட்டான். உலகம்மாள் குறுக்கே வந்தாள், அதனால் அவளுக்கு முதுகில். பெல்ட்டின் கொக்கி பட்டுவிட்டது. வேண்டுமென்று இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

செக்கப். இதை முழுக்க எழுத வேண்டும்.

டாக்டரம்மா செழியனை உலகம்மாள் மடியில் உட்கார வைத்துச் சோதித்தார். லைட் அடித்தார். கிலுகிலுப்பையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் காட்டினார். செழியன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கையை அவன் முகத்துக்கு நேரே வேகமாகக் கொண்டுபோனார். கண் சிமிட்டவில்லை. மறுபடி செய்தார். சிமிட்டவில்லை.

"பயப்படாதீங்க. கண் நேராத்தான் இருக்கு. பார்வை எந்த அளவுன்னுதான் பார்க்கறேன். கிட்ட வர்ற பொருளுக்கு இன்னும் சரியா ரியாக்ஷன் இல்ல."

எனக்கு வருத்தமாகிவிட்டது. இத்தனை பாடு பட்டும் பிள்ளைக்குத் தெரியவில்லையா? மேலே அலமாரியில் ஒரு மஞ்சள் பந்து இருந்தது. அதை எடுத்துக் காட்டலாம் என்று எழுந்து கையைத் தூக்கினேன்.

செழியன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உலகம்மாளின் வயிற்றுக்குள் புதைந்தான். சத்தமே இல்லை. அப்படியே சுருண்டுவிட்டான்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தீயளா டாக்டர்! பாக்கான்! ஒங்க கை தெரியல, என் கை தெரியுது பாருங்க! அப்பனத் தெரியுது அவனுக்கு!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா என் கையையே பார்த்தார். நான் இன்னும் தூக்கியபடிதான் நின்றிருந்தேன்.

"ஆமா. பார்க்கிறான்" என்றார்.

பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார். குழந்தையின் அம்மாவிடம் தனியாகச் சில விஷயம் கேட்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் என்று ஒரு அம்மாள் உள்ளே போனாள். நான் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்தும் யாரும் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். அறையில் ஆள் இல்லை. பின்பக்கம் ஒரு வாசல் இருப்பது எனக்குத் தெரியாது. உலகம்மாளின் அண்ணன் சொரிமுத்து வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனானாம்.

டாக்டரம்மா வரவில்லை. அந்தக் கவுன்சிலர் வந்தாள். "ஒங்க மனைவி சம்மதத்தோடதான் அனுப்பியிருக்கோம். போலீஸ்லயும் சொல்லியிருக்கோம். அவங்க முதுகை நாங்க பார்த்தோம் சார். குழந்தையோட கை எக்ஸ்ரேயையும் திரும்பப் பார்த்தோம்."

"கட்டில்ல இருந்து விழுந்தான்."

"ஒங்க மனைவி அப்படிச் சொல்லல."

வாட்ச்மேன்கள் நாலு பேர் நின்றார்கள். அன்றைக்கு நான் கழுத்தைப் பிடித்தவனும் நின்றான்.

செப்டம்பர் 10, புதன்

அடுக்களைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தேன். உள்ளே எலி எதுவும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் வருகிறது.

சனிக்கிழமை கடையத்துக்கு, உலகம்மாளின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டேன், ஒரு பாதுகாப்புக்கு. சொரிமுத்து வாசலிலேயே மறித்தான்.

"மச்சான், போயிருங்க. ஸ்டேஷன்ல சொல்லியிருக்கு."

"எம் பிள்ளய வெளிய அனுப்பு."

"பிள்ள வரமாட்டான்."

வீல் ஸ்பானரைக் கதவில் போட்டேன். பலகை பிளந்தது. இரண்டாவது வீச்சு சொரிமுத்துவின் தோளில் விழுந்தது. அவன் என்மேல் பாய்ந்தான். முற்றத்தில் இரண்டு பேரும் உருண்டோம். அவன் காதைக் கடித்தேன். அவன் என் முகத்தை மண்ணில் தேய்த்தான். எப்படியோ மேலே வந்து அவன் மார்பில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தேன். அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நாக்கு வெளியே வந்தது. நான் கையைத் தளர்த்தவில்லை.

உலகம்மாள் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. கீழே கிடந்த ஸ்பானரை அவள்தான் எடுத்திருக்க வேண்டும். என் வலது மணிக்கட்டில் அடி விழுந்தது. விரல் விரிந்துவிட்டது. மறுபடி அதே இடத்தில். எலும்பு உடையும் சத்தம் எனக்கே கேட்டது.

அவள் எனக்கு நேரே நின்றாள். ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முந்தானை கீழே கிடந்தது, அதை எடுக்கக்கூட இல்லை.

"எந்திரிங்க."

எழுந்தேன்.

"எங்கண்ணன் செத்திருப்பான். தெரியுதா? இந்தக் கண்ணு, காது, வைரஸு எதுவும் இல்ல. நல்ல பிள்ள பொறந்திருந்தாலும் நீங்க இதேதான் செஞ்சிருப்பீய. இத்தன வருசம் எனக்குப் புரியல. இன்னும் ஒரு அடி முன்னால வந்தீயன்னா தலையிலதான் போடுவேன். போட்டுட்டு நானே ஸ்டேஷனுக்குப் போவேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. பிளந்த கதவு வழியாகச் செழியன் தெரிந்தான். தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் தட்டைத் திருப்பித் திருப்பி வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்காததால் அவனுக்கு எதுவும் தெரியாது. இரண்டு கண்ணும் தட்டின் மேலேயே இருந்தன.

நான் முன்னால் போகவில்லை.

கையில் எலும்புக்குப் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனி ஸ்டியரிங் பிடிப்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். போலீஸ் வந்து, "யார் அடிச்சது?" என்று கேட்டார்கள். என் பெண்டாட்டி என்று வாயில் வரவில்லை.

"ஜாக்கி நழுவிட்டு" என்றேன்.

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சொரிமுத்து எல்லாத்தையும் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டாம்ல" என்றார். கை ஆறியதும் கோர்ட்டுக்கு வர வேண்டும். கடையத்துப் பக்கமே போகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

செழியனுக்கு அடுத்த செக்கப் இன்றைக்கு என்று எனக்குத் தெரியும். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பயணியாக டிக்கெட் எடுத்து, கடைசி சீட்டில் உட்கார்ந்து போனேன்.

வராந்தாவின் இந்தக் கோடியில் இருந்தேன். அவர்கள் அந்தக் கோடியில். உலகம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து ஓடவில்லை. கத்தவுமில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"அங்கனயே இருங்க."

சொரிமுத்து கழுத்துப்பட்டையோடு அவள் பக்கத்தில் இருந்தான். வாட்ச்மேன் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. செழியன் அவள் தோளில் சாய்ந்து என் பக்கம் திரும்பியிருந்தான். அப்போதுதான் கவனித்தேன். இடது கண் லேசாக வெளிப்பக்கம் போயிருந்தது. காதைப் பார்த்து.

எனக்குத் தலைக்கு ஏறியது. இத்தனையும் எதற்கு? யாரைப் பிடித்துக் கேட்பது?

"கண்ணு மறுபடி போயிருக்கே!" என்று அங்கிருந்தே கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"போவும்னு டாக்டரம்மா மொதல்லயே சொன்னாவ. நீங்க கேக்கல. திரும்பப் பண்ணணும்னா பண்ணுவாவ. போனாப் போவட்டும். பிள்ள இப்பம் தூக்கத்துல அலறுததில்ல."

அவன் தூக்கத்தில் அலறுவான் என்பதே எனக்குத் தெரியாது. பேச்சில்லாத பிள்ளை, அலறமாட்டான் என்றுதான் இருந்தேன்.

நர்ஸ் வெளியே வந்தாள். "செழியன்! அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்திருக்கீங்களா?"

"அம்மா மட்டும்" என்றாள் உலகம்மாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிவந்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

நான் எழுந்திருக்கவில்லை.